எட்டப்பன் பக்கம் மாறின வருசம்

சங்கிலிப்பாண்டி பிறந்தது எட்டயபுரத்தில். அது ஒன்றுதான் அவன் செய்த குற்றம். பசுவந்தனைக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் ஊரில் தங்கமாரியைக் கட்டி, வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து பதினைந்து வருசம் ஓடிவிட்டது. வீடு வீடாகத் தீப்பெட்டி ஒட்டக் கொடுத்து, ஒட்டியதை வாங்கி, மொபெட்டில் கோவில்பட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன் பிழைப்பு. வாக்குத் தவறினான் என்று ஒருத்தர் சொன்னதில்லை. ஆனாலும் ஊர் ரகசியம் எது வெளியே கசிந்தாலும், "எட்டப்பன் வேலையா இருக்கும்" என்று அவன் வீட்டுப் பக்கம்தான் எல்லார் தலையும் திரும்பும்.

அந்த ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் வருசா வருசம் பாளையக்காரர் நாடகம் உண்டு. பாஞ்சாலங்குறிச்சியோடு சேராமல் கம்பெனிக்காரன் பக்கம் போன எட்டயபுரத்து ராசா வேசத்தை உள்ளூரில் எவனும் கட்டமாட்டான். ஏனென்றால் நாடகம் முடிந்ததும் அந்த வேசக்காரன் தெருவோடு நடந்து போக வேண்டும், பெண்கள் வாசலில் நின்று அவனை முறத்தால் அடிக்க வேண்டும் என்பது அங்கே முறை. சிரித்துக்கொண்டுதான் அடிப்பார்கள். முறம் என்னவோ முறம்தான். மாப்பிள்ளை வந்த வருசமே அந்த வேசம் அவன் தலையில் விழுந்தது, அப்புறம் இறங்கவேயில்லை.

விளையாட்டுத்தானே என்று அவனும் இருந்துவிட்டான். தொண்ணூற்றொன்பதாம் வருசம், கொடைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவன் மகள் பூங்கொடி புத்தகப்பையை மூலையில் எறிந்தாள். இனி பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றாள். பரீட்சையில் யாரோ பார்த்து எழுதியதை யாரோ வாத்தியாரிடம் சொல்லிவிட்டார்களாம். வகுப்பு மொத்தமும் இவளைத்தான் 'எட்டப்பன் மக' என்கிறதாம்.

"நான் யாரைக் காட்டிக்கொடுத்தேன்?" என்றாள். "நீங்க வருசா வருசம் அடி வாங்கிட்டுச் சிரிச்சிக்கிட்டே வாரீங்க. நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரிதானப்பா இருக்கு."

 பதினைந்து வருச முறத்தடியில் வலிக்காதது அன்றைக்குச் சங்கிலிப்பாண்டிக்கு வலித்தது.

விழாக் கமிட்டித் தலைவர் உக்கிரபாண்டி, தங்கமாரிக்குச் சித்தப்பா முறை. அவரிடம் போய், இந்த வருசம் வேசத்தை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று கேட்டான். அவர் காதிலேயே வாங்கவில்லை. அந்தச் சண்டை நடந்து இருநூறு வருசமாகிறதாம், கோவில்பட்டித் தீப்பெட்டி முதலாளிகள் வந்து முன்வரிசையில் உட்காரப்போகிறார்களாம், இந்த நேரத்தில் எட்டப்பனுக்கு எங்கே போய் ஆள் தேடுவது என்றார். "பொறந்த ஊர மாத்த முடியுமா மருமகனே?" என்று முதுகில் தட்டி அனுப்பிவைத்தார்.

முடியாதுதான். ஆனால் சண்டையை மாற்றலாமே என்று வீட்டுக்கு வரும் வழியில் அவனுக்குத் தோன்றியது.

பொழுது சாய நாடகம் தொடங்கியது. கம்பெனித் துரை, ரேசன் கடைப் பூவனலிங்கம். முகமெல்லாம் பவுடர், எவனோ கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு. கோட்டைக்குப் போகும் ரகசிய வழியைச் சொல் என்று துரை கேட்கும் கட்டம் வந்தது. சங்கிலிப்பாண்டி நிமிர்ந்து நின்றான்.

"துரையே, என் படை இன்று உம் பக்கம் இல்லை. பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம்."

பாடம் எடுத்துக்கொடுப்பவர் ஏட்டை முன்னும் பின்னும் புரட்டினார். முன்வரிசையிலிருந்து உக்கிரபாண்டி எழுந்து, சரித்திரம் அப்படி இல்லை என்று கத்தினார்.

"சரித்திரம் எனக்குத் தெரியும் மாமா. அதுக்கு அடி வாங்குறவன் நான்லா. அவரு இந்தப் பக்கம் வந்திருந்தா என்னாயிருக்கும்னு இன்னைக்கு ஒரு நா பாத்துருவோம்."

பின்னால் இளவட்டங்கள் விசிலடித்தார்கள். பாஞ்சாலங்குறிச்சி ராசாவாக நின்ற கிருஷ்ணராஜ் உணர்ச்சி பொங்க ஓடிவந்து இவனைக் கட்டிக்கொண்டான். மரக்கத்தி பிடித்த அத்தனை பேரும் ஒரு பக்கம் சேர்ந்துவிட, துரை தனியாக நின்றார். வழிகாட்ட ஆளில்லை, தீனி கொடுக்க ஊரில்லை. கம்பெனி மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று சனம் ஆரவாரித்தது. இருநூறு வருசத் தோல்வியை ஒரு சாயங்காலத்தில் தீர்த்துவிட்ட சந்தோசம் அதற்கு.

முதலாளிமார் முன்னால் தோற்கப் பூவனலிங்கத்துக்கு மனசில்லை. வாய் சாதுரியக்காரர். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"எட்டயபுரம் வராட்டிப் போகட்டும். இந்த ஊருல என் பக்கம் வாறது யாரு? வாறவனுக்குக் கிஸ்தி தள்ளுபடி. வறட்சி நிவாரணமும் உண்டு. வேணுங்கிறவுக கையத் தூக்குங்க."

இங்கேதான் ஊர் மாட்டிக்கொண்டது. மழை பொய்த்து, உளுந்தும் பருத்தியும் கருகிக் கிடந்த வருசம். நாலு நாளைக்கு முன்னால்தான் அதிகாரி ஒருவர் இதே பொட்டலில், இதே வார்த்தையைச் சொல்லிக் கையைத் தூக்கச் சொல்லியிருந்தார். பழகிய கைகள் சடசடவென்று மேலே போயின. முதலில் போனது உக்கிரபாண்டியின் கை. கூட்டம் தன்னைத்தானே பார்த்துக் கொல்லென்று சிரித்தது. சிரித்து முடிக்கும் முன்பே சிரிப்பு செத்துப்போனது.

சங்கிலிப்பாண்டி மேடை விளிம்புக்கு வந்தான்.

"ஒருத்தரும் கைய எறக்காதீங்க. எம் மக பாக்கட்டும்."

 இறக்கப்போன சிலர் கை பாதியில் நின்றது.

"அந்த ராசா போனது தப்புத்தான். நான் அதுக்கு வக்காலத்து வாங்க வரல. ஆனா தள்ளுபடின்ன உடனே நீங்க அத்தன பேரும் போயிட்டீங்க. நான் போகல. இனிமே அந்தப் பேர எந்த ஊருக்கு வைக்கன்னு நீங்களே சொல்லுங்க."

கிரீடத்தைக் கழற்றாமலே இறங்கி, வழக்கம்போலத் தெருவில் நடந்தான். வழக்கம்போல இல்லாதது நிமிர்ந்திருந்த தலை மட்டும்தான். முறங்களோடு நின்ற பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். வருசந்தோறும் ஓங்கி அடிக்கிற சுடலையம்மாள்தான் கேட்டாள், அப்போ இந்த வருசம் யாரை அடிப்பது என்று.

"ஒங்க வீட்டுக்காரரு கையத் தூக்குனாராக்கா?" என்றான்.

அவள் முறத்தை மெதுவாக முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். கடைசி வீடு வரைக்கும் ஒரு முறமும் அவன் மேல் படவில்லை.

கொடை முடிந்ததும் பூங்கொடி மூலையில் கிடந்த பையை எடுத்துத் தூசி தட்டினாள். வகுப்பில் நுழைந்ததுமே உக்கிரபாண்டியின் பேத்தி உமாதேவி பழக்கதோசத்தில், "எட்டப்பன் மக வந்துட்டா" என்றாள்.

பூங்கொடி அவள் பக்கத்திலேயே போய் உட்கார்ந்து, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள்.

"ஏட்டி, ஒங்க தாத்தா தூக்குனது வலது கையா, எடது கையா?"