இரண்டு பங்கு மீன்

லூகா மீன் பங்கிட்டால் அதில் பிசகே இருக்காது. படகில் வந்ததையெல்லாம் மணலில் வீடுவாரியாகக் குவிப்பான். தீவில் இருக்கிற ஆளுக்கு ஒரு பங்கு, கைக்குழந்தைக்கும் உண்டு. நியூசிலாந்துக்குக் கப்பலேறிப் போனவனுக்கு மட்டும் கிடையாது. அவன் திரும்பி வந்து கரையில் கால் வைத்தால்தான் மீன். அப்படிப்பட்ட லூகா, தனிக்கட்டையான லெபெக்காவைக் கூப்பிட்டு இரண்டு பங்கு வைத்தான்.

"கண்ணு அவிஞ்சு போச்சா லூகா? எங்க வீட்ல நான் ஒருத்திதானே."

"அதான் பின்னால மானாசே நிக்கிறானேக்கா," என்றான், அடுத்த குவியலுக்கு நகர்ந்தபடி.

லெபெக்கா திரும்பினாள். தென்னையும் வெயிலும்தான் இருந்தன. லூகாவும் நிமிர்ந்து பார்த்தான், அவன் கண்ணுக்கும் இப்போது யாரும் தெரியவில்லை. ஆனால் வைத்த பங்கைத் திரும்ப எடுக்கிற வழக்கம் டோக்கெலாத் தீவுகளில் இல்லை.

மானாசே அவளுடைய ஒரே மகன். வெலிங்டன் பக்கம் ஓர் இறைச்சி ஆலையில் வேலை. மறுநாள் வாக்கெடுப்பு. நியூசிலாந்தின் ஆளுகையை விட்டுத் தன்னாட்சியாகி, கடவுச்சீட்டும் உதவியும் தொடர அதனோடு உறவாகவே இருப்பதா, அல்லது இருந்தபடியே இருப்பதா? எதுவும் மாறாது என்று பெரியவர்கள் அடித்துச் சொன்னார்கள். மாறாததற்கு எதற்கு ஓட்டு என்று லெபெக்கா கேட்டபோது மட்டும் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். ஆனாலும் அவள் மனசு தன்னாட்சியைத்தான் கேட்டது. மானாசேதான் போனில் கெஞ்சியிருந்தான்.

"வேண்டாம்னு போடும்மா. நாளைக்கு அவங்க கப்பலை நிறுத்திட்டா நான் எப்படி வீடு வந்து சேர்றது?"

பெற்ற வயிறு. சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

சாயங்காலம் இரண்டு மீனையும் சுட்டாள். ஒன்றைத் தின்றாள், மற்றதை ஈரப்பலா இலையால் மூடிவிட்டு ஜெபத்துக்குப் போனாள். திரும்பி வந்தபோது இலை நான்காக மடித்துக் கிடந்தது. முள் ஒரு பக்கம். தலை மட்டும் தொடாமல், அவள் உட்காரும் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தது. சின்ன வயதிலிருந்தே மானாசே அம்மாவுக்கென்று தலையை அப்படித்தான் வைப்பான். நாய் என்று நினைக்கத் தீவில் நாயே கிடையாது. பூனை இலையை மடிக்காது. வாசல் பவளக்கல்லிலிருந்து பாய் வரைக்கும் ஈரம். அந்த ஈரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து, மீன்தலையை ஒரு துணுக்கு விடாமல் தின்றாள்.

காலையில் கூட்ட மண்டபத்து வரிசையில் லூகா அவளுக்குப் பின்னால் நின்றான். மகனிடம் சொன்னபடிதானே போடப்போகிறாள் என்று மெதுவாகக் கேட்டான்.

"அவன்தான் வீட்டுக்கு வந்துட்டானே. இனிமே எனக்கு எதுக்குடா கப்பல்?"

தன்னாட்சிக்கு நேரே குறியிட்டுச் சீட்டைப் பெட்டியில் போட்டாள். விரும்பியபடி போட்டதும் நெஞ்சு எரிந்தது.

வெளியே வந்தபோது, தொலைபேசி அறையிலிருந்து போதகர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அவளைக் கண்டதும் நடை தளர்ந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று அவர் தடுமாறினார்.

"தெரியும் ஐயா," என்றாள் லெபெக்கா. "நேத்தே வந்து சாப்பிட்டான்."