மேற்கை ஏற்றும் வண்டி

பாகப்பிரிவினையில் துளசிமணிக்கு மேற்கு வந்தது.

பெரிய அண்ணன் நாச்சிமுத்து கிழக்கையும் வடக்கையும் எடுத்துக்கொண்டார். கிழக்கு பூஜைக்கு, வடக்கு பணத்துக்கு. இரண்டும் மூத்தவருக்குப் போவது அந்தப் பக்கத்து வழக்கம். சின்ன அண்ணன் சென்னிமலை தெற்கை எடுத்துக்கொண்டார். வரிசையாக வீடு கட்டி வாடகைக்கு விடும் எண்ணம் அவருக்கு இருந்தது. தெற்குக் காற்றைக் காட்டினால் குடிவருகிறவர்கள் மறுபேச்சு பேச மாட்டார்கள். மேற்கை யாரும் கேட்கவில்லை. பெண்பிள்ளைக்கும் பங்கு கொடுத்தோம் என்று நாளைக்கு நாலு பேரிடம் சொல்ல வேண்டுமே, அதற்காக அதை அவள் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

"பொறந்தவளுக்குக் கொறை வெச்சதா இருக்கப்படாது" என்றார் நாச்சிமுத்து, பெரிய மனதோடு.

கொடுத்ததும் கொடுத்தார், கூடவே ஒரு கொக்கியும் போட்டார். பங்கு வந்தவர்கள் ஆடி பிறப்பதற்குள் அதை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். எடுக்காத பங்கு வீட்டோடு இருப்பவருக்கு. அதுவும் வழக்கம்தான். இருக்கிற இடத்திலேயே இருக்கிறவர்களுக்கு இந்த வழக்கத்தால் ஒரு தொந்தரவும் கிடையாது. கட்டிக்கொடுத்த பெண்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ பெண்களுக்கு மேற்கைக் கொடுத்திருக்கிறார்கள். அத்தனையும் இன்றைக்கும் அண்ணன்மார் வீட்டுக்குப் பின்னால்தான் கிடக்கின்றன. அதில் மாடு கட்டுகிறார்கள்.

துளசிமணிக்கோ மேற்கு கட்டாயம் வேண்டியிருந்தது. அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டில் மேற்கு கிடையாது. மாமனார் தன் காலத்திலேயே அதைக் காற்றாலைக்காரர்களுக்கு விற்றுவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு மாலை வருவதில்லை. மத்தியான வெயில் அடித்துக்கொண்டே இருக்கும், பட்டென்று இருட்டிவிடும். அவள் எழுந்து பால் கறந்து, தோப்பில் மட்டை உரிக்கும் ஆட்களுக்குச் சோறு கொடுத்து, களத்தில் கொப்பரையைக் காயப்போட்டுப் புரட்டி அள்ளி, முதுகை நிமிர்த்தினால் இரவுச் சமையல் வந்து நிற்கும். முகம் கழுவிவிட்டு வாசலில் சும்மா உட்காருகிற அந்தக் கொஞ்ச நேரம் பக்கத்து வீட்டுப் பெண்களுக்கெல்லாம் இருந்தது. அவளுக்கு மட்டும் இல்லை. இது முதலில் அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. பிறந்த வீட்டில் ஒரு மேற்கு வீணாகக் கிடப்பதும், அதை அவளுக்கே கொடுப்பதுபோலக் கொடுத்து வைத்துக்கொள்ளப் பார்ப்பதும் தெரிந்த பிறகு, வருத்தம் கோபமாகிவிட்டது.

"வண்டி ஒண்ணு வாங்கோணுமுங்க" என்றாள் கணவன் கதிர்வேலிடம்.

"லோடு தாங்கற வண்டியா பாரு" என்றார் அவர். நூல் மில்லில் வேலை பார்ப்பவர்; அதிகம் பேச மாட்டார்.

தாராபுரம் சாலையில் வெள்ளிங்கிரி பழைய பிக்கப் வண்டிகளை வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். துளசிமணி உள்ளே போனபோது அவர் ஒரு வண்டியின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன லோடுங்க அம்மிணி?"

"மேக்குங்க."

"ஈரமுங்களா, காஞ்சதுங்களா?"

"ஆனி மாசத்து மேக்குங்க. மேல்காத்தும் உள்ளதான் இருக்குது."

வெள்ளிங்கிரி துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மேற்கு கனமான சரக்கு என்பது அவருக்குத் தெரியும். கிழக்கு அப்படியில்லை. கிழக்கிலிருந்து சூரியன் நாள்தோறும் கிளம்பிப் போய்க்கொண்டே இருப்பதால் கிழக்கு வரவர இளைத்துவிடும். ஒரு சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போய்விடலாம். மேற்கில் விழுந்ததெல்லாம் அங்கேயே தங்கிவிடுகிறது. துளசிமணியின் அப்பா காலத்துச் சூரியன்களும் அவருடைய அப்பா காலத்துச் சூரியன்களும் அதற்குள் அடுக்கடுக்காகக் கிடந்தன.

முதலில் அவர் காட்டியது வெள்ளை வெளேரென்று ஒரு வண்டி. உள்ளே பாட்டுப் பெட்டி, பின்னால் வருவதைக் காட்டும் கேமரா, சீட்டுக்கு உறை. துளசிமணி பின்பக்கத் தகரத்தைத் தட்டிப் பார்த்தாள். பாத்திரக் கடைச் சத்தம் கேட்டது.

"லோடு வெச்சுக் காட்டுங்க" என்றாள்.

சோதனைக்கென்று வெள்ளிங்கிரியிடம் ஒரு செவ்வாய்க்கிழமை இருந்தது. யாரும் எந்த நல்ல காரியத்துக்கும் தொடாத செவ்வாய்க்கிழமை. அதனால் தேயாமல் முழு எடையோடு இருந்தது. ஆட்கள் அதைத் தார்ப்பாயோடு தூக்கி வெள்ளை வண்டியில் வைத்தார்கள். ஸ்பிரிங் பட்டைகள் தட்டையாகப் படுத்துவிட்டன. சக்கரம் மட்கார்டில் போய் உரசியது. வண்டி பாட்டைத் தானாகப் போட்டுக்கொண்டது.

"இது தக்காளி லோடுக்குத்தானுங்க" என்று வெள்ளிங்கிரி அதை உடனே கைகழுவினார். "வாங்க, அந்த நீலத்தெப் பாருங்க. இந்தப் பக்கத்துலயே இத்தனை நீளம் வேற எந்த வண்டிக்கும் கெடையாது. மேக்கு நீட்டமா படுத்துக்கும்."

"நீளம் வேண்டாங்க. அகலஞ் சொல்லுங்க."

வெள்ளிங்கிரி முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார்.

அவள் யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். மேற்கை நீளவாக்கில் ஏற்றினால் அது ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். மேற்கு முதுகுக்குப் பின்னால் இருக்கிற வண்டி கிழக்கே மட்டும்தான் போகும். ஸ்டியரிங்கை எப்படி ஒடித்தாலும் முன்னால் இருப்பது கிழக்குதான். குண்டடத்துப் பக்கம் ஒருவர் இப்படித்தான், பெரிய வண்டி இருக்கிற தைரியத்தில், தன் மேற்கை நீளமாக ஏற்றிக்கொண்டு தெற்கே இருக்கும் மாமியார் ஊருக்குக் கிளம்பினார். கரூர், திருச்சி, தஞ்சாவூர் எல்லாம் தாண்டிக் கடலில் போய்த்தான் நின்றார். மேற்கை இறக்காமல் திரும்ப முடியாது. அங்கே அதை இறக்கத் தெரிந்த ஆள் கிடையாது. இப்போது கடற்கரையிலேயே கருவாட்டுக் கடை வைத்திருக்கிறார். மாமியார் ஊருக்குப் போகாதது ஒன்றும் பெரிய குறையாக இல்லை என்று சொல்லியனுப்பியிருந்தார்.

துளசிமணியின் வீடு அண்ணன்மார் ஊருக்கு நேர் வடக்கே இருந்தது. மேற்கைக் குறுக்கே ஏற்றி, அது இடது கைப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் வண்டி தானாக வடக்கைப் பார்த்துக்கொள்ளும். அதற்கு இரண்டு பக்கக் கதவும் கீழே இறங்குகிற, அகலமான, சாய்ந்தாலும் கவிழாத வண்டி வேண்டும்.

அப்படி ஒன்று கடைசியில், வேலி ஓரமாக நின்றது. செங்கல் சூளையில் உழைத்த வண்டி. பெயின்ட் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை, ஹாரனும் இல்லை. யாரோ தெரிந்தவர் கூடுதலாகப் பட்டை போட்டு ஸ்பிரிங்கைக் கட்டியிருந்தார். துளசிமணி சேலையைச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்தாள். செவ்வாய்க்கிழமையை இதில் வைத்தார்கள். வண்டி முனகக்கூட இல்லை.

"மூஞ்சிதானுங்க நல்லா இல்லை" என்றார் வெள்ளிங்கிரி.

"நானென்ன பொண்ணு பாக்கவா வந்தேன்?"

கழுத்துச் சங்கிலி வண்டியாயிற்று. புறப்படும்போது வெள்ளிங்கிரி சுமை தூக்க இரண்டு ஆட்களைக் கூட அனுப்பினார். "சரக்கு வெளிய நீட்டீட்டிருந்தா செவப்புத் துணி கட்டோணும்ங்க. மேக்குக்கு வேண்டாம், அதுவே செவப்பா இருக்கும்" என்றும் சொல்லிவிட்டார்.

ஆனி மாதக் கடைசி நாள், உச்சி வெயிலில் அவள் பிறந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாள். சுமை தூக்க வந்தவர்களில் மூத்தவர் காளியப்பன் வானத்தைப் பார்த்தார்.

"வெயில் தாழறதுக்குள்ள எடுத்தறோணும் அக்கா. சூரியன் உள்ள விழுந்துட்டா சூடு ஆற நாளைக்கு ஆயிரும்."

நாளைக்கு ஆடி. இது நாச்சிமுத்துவுக்கும் தெரியும். அவர் வண்டியைப் பார்த்தார், வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

"வந்த காலோட லோடு ஏத்தறதா கண்ணு? பொறந்த ஊட்டுல கை நனைக்காம போனா சனம் என்ன பேசும்? உங்க அண்ணி இப்பத்தான் அரிசி ஊற வெச்சிருக்கறா. பாயசத்துக்கு வெல்லம் வாங்கியாற ஆள் போயிருக்குது. உக்காரு."

பிறந்த வீட்டில் சாப்பிடாமல் ஒரு பெண் எதையும் எடுத்துக்கொண்டு படி இறங்கக் கூடாது. அதுவும் வழக்கம். நாச்சிமுத்துவிடம் வழக்கத்துக்குப் பஞ்சமே கிடையாது. வெல்லம் வாங்கப் போன ஆள் எந்த ஊருக்குப் போயிருக்கிறான் என்று துளசிமணி கேட்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போனாள். பானையில் நேற்றைய சோறு தண்ணீரில் கிடந்தது. பிழிந்தெடுத்து, ஒரு வெங்காயத்தையும் நறுக்கென்று உடைத்துக்கொண்டு, வாழை இலையை வண்டியின் பானெட் மேல் விரித்து, அண்ணன் கண் முன்னாலேயே நின்றபடி சாப்பிட்டாள். இலையை மடித்தாள்.

"கை நனைச்சாச்சுங்கண்ணா."

காளியப்பன் கடப்பாரையை எடுத்தார்.

வீட்டுக்குப் பின்னால் போனால், மேற்கின் நட்டநடுவில் சென்னிமலை கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தார். மாடுகளை மட்டும் அவிழ்த்து அப்பால் கட்டியிருந்தார்.

"நான் படுத்திருக்கற எடத்தெ எப்படி எடுப்பீன்னு பாக்கறேன்" என்றார்.

துளசிமணி அவரைப் பார்த்தாள். சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் காட்டியவர். ஆனாலும் அவள் காளியப்பனிடம் திரும்பினாள்.

"அண்ணனையுஞ் சேத்துக் கட்டுங்க. வண்டி தாங்கும்."

கயிறு கட்டில் காலைச் சுற்றியதும் சென்னிமலை எழுந்து, கட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு தெற்கே போய்விட்டார்.

மேற்கு ஓரங்களில் வேர்விட்டிருந்தது. நான்கு மூலையிலும் நெம்பிய பிறகு, பழைய தென்னை சாய்கிற சத்தத்தோடு பெயர்ந்து வந்தது. இரண்டு ஆட்களோடு துளசிமணியும் முந்தானையைச் சும்மாடு சுற்றித் தோள் கொடுத்தாள். குறுக்கே ஏற்றிக் கயிற்றை இறுக்கினார்கள். மேல்காற்று தார்ப்பாயைப் படபடவென்று அடித்தது. வண்டி இடது பக்கம் சாய்ந்தது, கிரீச்சென்றது, பிறகு நிலைத்து நின்றது. வேடிக்கை பார்க்க வேலியோரம் நின்றிருந்த பெண்களில் ஒருத்தி, தனக்கும் அண்ணன் வீட்டில் ஒரு மேற்கு கிடப்பதாகச் சொல்லி, வண்டி எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். துளசிமணி வெள்ளிங்கிரியின் பெயரைச் சொன்னாள்.

நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வற்றிவிட்டது. "ஊட்டுக்கு மேக்கு இல்லீன்னா நாங்க என்ன கண்ணு பண்றது? பொழுது எங்க போயி எறங்கும்?"

"இத்தனை வருசமா நான் என்ன பண்ணினனோ, அதெயே நீங்களும் பண்ணுங்கண்ணா."

வண்டி வடக்கைப் பார்த்துக் கிளம்பியது. ஸ்டியரிங்கைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. வழியெல்லாம் காக்கைகளும் கொக்குகளும் அடையப் போகிற நேரம் வந்துவிட்டதென்று வண்டியோடு பறந்து வந்தன. மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே நடந்தன. ஹாரன் இல்லாதது ஒரு குறையாகத் தெரியவில்லை. எதிரே வந்தவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவர்களாகவே ஒதுங்கினார்கள்.

வீட்டில் கதிர்வேல் இடத்தைக் கூட்டி வைத்திருந்தார். "கொட்டாய்க்குப் பொறகால போட்டுக்கலாமா?"

"ஊட்டுக்கு நேரா போடுங்க. நான் உக்காந்தாத் தெரியோணும்."

இறக்கிப் போட்டதும் அந்த வீட்டுக்கு மாலை வந்தது. சுவரெல்லாம் மஞ்சளாயிற்று. களத்தில் கொட்டியிருந்த கொப்பரை பொன்னாகக் கிடந்தது. துளசிமணி முகம் கழுவி, நாற்காலியை இழுத்துப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்தாள். மடியில் கை சும்மா கிடந்தது. இது தன்னுடையது, யாரும் போட்ட பிச்சை இல்லை என்று நினைத்தபோது அவளுக்குக் கண் கலங்கியது; துடைக்கவும் தோன்றவில்லை.

நாச்சிமுத்து போன் செய்தார். "இங்க இன்னும் வெயில் மண்டையப் பொளக்குது துளசி. ஆளுக தூங்கறதா வேண்டாமா?"

"ஆமாங்கண்ணா" என்றாள் அவள். போனை வைத்தாள்.

சற்று நேரத்தில் சூரியன் வந்து சேர்ந்தது. பழைய விலாசத்துக்குப் போய்த் தேடிவிட்டு வந்ததால் நன்றாகச் சிவந்து, களைத்துப் போயிருந்தது. வந்த வேகத்தில் நேராக மேற்கில் இறங்கப் பார்த்தது.

"கொஞ்சம் பொறு" என்றாள் துளசிமணி. "நான் இன்னும் உக்காந்து முடிக்கல."

சூரியன் காம்பவுண்டுச் சுவரின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதில் காயப்போட்டிருந்த துணிகள் கருகாமல் கதிர்வேல் ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, எத்தனை பேருக்கு அரிசி போட வேண்டும், இதற்கும் சேர்த்தா என்று கேட்டுக்கொண்டு, உலை வைக்க உள்ளே போனார்.