மாமன் வீட்டு விலாசம்

1

இந்தக் கதையை இளமதி என்னிடம் சொன்னாள் என்றுதான் நினைக்கிறேன். சொன்னாள் என்பதுகூட முழுக்கச் சரியில்லை. மலைமேல் இருக்கும் செம்மேட்டிலிருந்து நாமக்கல் போகும் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கொண்டையூசி வளைவுகள் முடியும்வரை விட்டுவிட்டுப் பேசினாள். அடிவாரம் வந்ததும் நிறுத்திக்கொண்டாள். மீதி வழி முழுக்க இருவரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தில் நானாகச் சேர்த்துக்கொண்டது எவ்வளவு என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவள் சொல்லாத ஏதாவது இதில் இருந்தால் ஊகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கதையே ஊகத்தைப் பற்றியதுதான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

[பெரக்கரை நாட்டின் மிளகுக் கொடிகளுக்கு நடுவே பிறந்த அந்தப் பெண்ணின் கண்களில்]

கண்களில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை. தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன்.

இளமதி ஒரு தனியார் கல்லூரியில் எம்.பி.ஏ. படித்தாள். வணிக முடிவுகளுக்கான தரவுப் பகுப்பாய்வு அவளுடைய பாடம். நடந்துபோனதைக் கணினிக்குக் கொடுத்து, இனி நடக்கப்போவதற்கு மதிப்பெண் போட வைக்கிற படிப்பு. அந்தக் கல்லூரியே வசதியில்லாத பிள்ளைகளுக்கு இளநிலைப் படிப்பில் சில இலவச இடங்கள் தந்துவந்தது. அதில் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள், நஷ்டம் என்றது நிர்வாகம். விண்ணப்பித்தவர்களில் யார் பாதியில் நிற்பார்கள் என்று முன்கூட்டியே சொன்னால் அவர்களுக்கு இடம் தராமல் விடலாம். அதுதான் இளமதிக்குக் கிடைத்த புராஜெக்ட்.

விண்ணப்பங்களிலிருந்து பெயர்களை நீக்கிவிட்டுத்தான் கொடுத்தார்கள். ஊர் இருந்தது. மலைமேல் இருக்கும் அவளுடைய ஊரிலிருந்து ஒரே ஒரு வரி. அந்த ஊரில் அந்த வருடம் பிளஸ் டூ முடித்த பெண் ஒருத்திதான். பக்கத்து வீட்டு ஆயம்மாளின் மகள் சண்முகப்பிரியா.

கணினி அவளை நின்றுவிடுவாள் என்றது.

3

இங்கே இளமதி கொதித்தெழ வேண்டும், கணினி தப்பு என்று நிரூபிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அப்படி ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். ஆனால் அவளுக்கு மலையிலிருந்து அந்தக் கல்லூரிக்குப் போனவர்களைத் தெரியும். ஒவ்வொருவரும் எந்த மாதம், எதற்காக நின்றார்கள் என்று தெரியும். கணினி பொய் சொல்லவில்லை.

வழிகாட்டி கவிதாவிடம் மட்டும் கேட்டாள். "மலைங்கறதுனாலயே நின்னுருவாங்கன்னு சொல்லுதுங்களா மேடம்?"

"காரணமெல்லாம் அதுக்குத் தெரியாது இளமதி. எதோட எது சேர்ந்து வருதுன்னு மட்டுந்தான் தெரியும். மாடல் நல்லா வந்திருக்கு. கையை வெச்சுக் கெடுத்துறாத."

அவள் மாடலில் கை வைக்கவில்லை. விலாசத்தை மட்டும் மாற்றிப் போட்டுப் பார்த்தாள். மலைக்குப் பதில் அடிவாரம். அதே பெண், அதே மதிப்பெண்கள், அதே அப்பா அம்மா. நிற்கமாட்டாள் என்றது கணினி.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் இன்னும் வந்திருக்கவில்லை.*

* இந்த வாக்கியம் இல்லாவிட்டால் கதை இங்கேயே முடிந்திருக்கும். எடுத்துவிடலாமா என்று பலமுறை யோசித்தேன்.

4

மலைக்கு வந்து, கணினி சொன்னதையும் விலாசத்தை மாற்றியதும் அது மாறியதையும் சொன்னாள். மரவள்ளிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த ஆயம்மாள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"ஏங்கண்ணு, காலேஜில ஜோசியமும் சொல்லித்தராங்களா? அந்தக் கம்ப்யூட்டரு நம்ம ரோட்டுல ஒருக்கா ஏறி வந்திருக்குமா? பாதியிலயே வாந்தி எடுத்துப்போடும்."

"சிரிக்காதீங்க சின்னம்மா. சீட்டு போயிரும்."

சண்முகப்பிரியா சிரிக்கவில்லை. "நான் நின்னுருவேன்னு அதுக்கு யாருக்கா சொன்னது?"

"நமக்கு முன்னால போனவங்க."

"அவங்க நின்னா நானும் நிக்கோணுமா?"

ஆயம்மாள் மண்வெட்டியை ஓரமாகப் போட்டாள்.

பிறகு அவள்தான் வழி சொன்னாள். "எங்கண்ணன் ஊடு அடிவாரத்துல, பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் பக்கத்துலதான இருக்குது. அந்த விலாசத்தப் போட்டுருவோம். தாய்மாமன் ஊடு, வேண்டாம்னா சொல்லப்போறாங்க?"

தங்கியிருக்கும் விலாசம் என்ற இடத்தில் மாமன் ராசப்பனின் வீடு ஏறியது. புது விண்ணப்பம் போனது. இடம் கிடைத்தது.

5

விடுதி கிடைக்கவில்லை. விடுதி தூரத்துப் பிள்ளைகளுக்கு. பேளுக்குறிச்சிக்குக் கல்லூரிப் பேருந்தே போகிறது. இளமதிக்குத் தந்த தரவில் விடுதி பற்றி எதுவும் இல்லை. விடுதியில் இருந்து படித்த அவளுக்கும் அது தோன்றவில்லை.

சண்முகப்பிரியா மாமன் வீட்டில் தங்கினாள். அந்த வீட்டில் கோகுல் இருந்தான். ராசப்பனின் மகன், சென்ட்ரிங் வேலை. முறைப்பையன்.

[கோகுல் குடித்துவிட்டு வந்து அவள் புத்தகங்களை]

அந்த வரியை அடித்துவிட்டேன். கோகுல் குடிப்பதில்லை. காலையில் அவளைப் பேருந்து ஏற்றிவிட்டுத்தான் வேலைக்குப் போனான். அவனைக் கெட்டவனாக்கினால் எனக்கு எழுதச் சுலபம், உங்களுக்குப் படிக்கச் சுலபம். கட்டிக்கொள்கிற முறையுள்ள இருவர் ஒரே கூரையின்கீழ் இருந்தார்கள். ஊர் பேசத் தொடங்கியது. பேச்சை நிறுத்த ராசப்பனுக்கும் ஆயம்மாளுக்கும் தெரிந்த வழி ஒன்றுதான்.

இளமதி அப்போது ஓசூரில் வேலையில் இருந்தாள். மதியம் சண்முகப்பிரியாவிடமிருந்து போன் வந்தது.

"பரிசம் போட்டாச்சுக்கா."

"நீ வேண்டாம்னு சொல்லலியா?"

"மச்சான் சொன்னாருக்கா, படிச்சு முடிக்கட்டும்னு. மாமன்தான் கேக்கல. பரிசம் போட்ட புள்ளைய தெனம் பஸ் ஏத்தி அனுப்பறதான்னு. ஆரு மேலயும் கோவப்பட முடியலக்கா. கெட்டவங்களா இருந்தா ஒரு பாட்டம் அழுதுட்டு ஊட்டுக்கு வந்திருப்பேன்."

"நாந்தான..."

"நீ என்னக்கா பண்ணுவ. வெச்சிடறேன், அத்தை கூப்பிடுது."

6

வேறு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் இளமதி வாயை மூடிக்கொள்கிறாள். இடம் கிடைக்காமல் சண்முகப்பிரியா மலையிலேயே

இன்னொன்றில் அவள் கவிதாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள், கவிதா நிர்வாகத்திடம்

இரண்டையும் முடிக்க என்னால் ஆகவில்லை. முதலாவதில் அவள் படிக்கவே இல்லை. இரண்டாவதில் நிர்வாகம் என்ன சொல்லும் என்று எனக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்ததும் அவர் முடிவைக் கட்டிவிடுகிற பழக்கம் எனக்கும் இருக்கிறது. நீங்களும் இந்நேரம் கட்டியிருப்பீர்கள். அது இதைவிட நன்றாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். நடந்தது கீழே இருக்கிறது.

7

சண்முகப்பிரியா இரண்டாம் ஆண்டின் நடுவில் நின்றாள். தை மாதம் கல்யாணம் நடந்தது. கோகுல் அவளை நன்றாக வைத்திருக்கிறான். ராசப்பனுக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஆயம்மாள் மலையில்தான் இருக்கிறாள். மகள் சொந்தத்திலேயே போய்விட்டாள் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்கிறாள். கவிதா அந்த மாடலைப் பற்றி ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்தார். இளமதி ஒரு கடன் நிறுவனத்தில், யார் தவணை கட்டமாட்டார்கள் என்று சொல்லும் வேலை பார்க்கிறாள். ஊருக்கு வந்தால் ஆயம்மாள் வீட்டுப் பக்கம் போவதில்லை.

கல்லூரியில் இந்த வருடமும் கணினிதான் மதிப்பெண் போட்டது. பேளுக்குறிச்சியிலிருந்து அந்த இலவச இடத்தில் சேர்ந்தவர்கள் அதிகமில்லை. அந்தக் கொஞ்சத்தில் ஒருத்தி பாதியில் நின்றதாகக் கணினியில் ஏறியிருந்தது. பேளுக்குறிச்சியிலிருந்து விண்ணப்பித்த பிள்ளைகள் யாருக்கும் இந்த முறை இடம் கிடைக்கவில்லை.