கோப்பிக் கட்டைத் தொட்டில்

தொட்டில் தானாக ஆடுவதை முதலில் பார்த்தவள் என் மனைவி நல்லம்மாதான்.

"காத்துல ஆடுதுங்க" என்றாள். சொன்ன பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். காற்றே இல்லை. மடுல்சீமையில் மூடுபனி இறங்கிவிட்டால் வாழை இலைகூட அசையாது. லயத்து வரிசை வீடுகளில் ஒற்றை அறையான எங்கள் காம்பராவுக்குப் பின்னால் நான் சாய்த்துப் போட்டிருந்த தகரக் கொட்டகைக்குள், மரச்சுருளுக்கு நடுவே, அந்தத் தொட்டில் மட்டும் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. அவள் வாசலில் கால் வைத்ததும் நின்றது.

ஆள் வருவதைப் பார்த்து அழுகையை நிறுத்தும் குழந்தையைப் போல, சட்டென்று நின்றது.

"தரை சரிவா இருக்கும்" என்றேன்.

எனக்குத் தச்சு வேலை பரம்பரைத் தொழில் இல்லை. பகலெல்லாம் ஸ்டோரில், தேயிலை ஆலையில், கொழுந்து வாட்டும் தட்டுகளோடு நிற்பவன் நான். முசிறிப் பக்கத்திலிருந்து கப்பலேறி இலங்கைக்கு வந்த புதிதில், வேலை விட்டதும் என்ன செய்வதென்று தெரியாமல் பயமாக இருந்தது. கை சும்மா இருந்தால் மனம் எங்கெங்கோ போயிற்று. பங்களாவில் கழித்துப் போட்ட ஓர் இழைப்புளியும், பதுளைச் சந்தையில் வாங்கிய உளியும் ரம்பமும் கிடைத்த பிறகுதான் எனக்குச் சாயங்காலங்கள் பழகின. முதலில் ஒரு மனைப்பலகை செய்தேன். பிறகு ஒரு முக்காலி. அதற்கு ஒரு கால் குட்டை. லயத்தில் எல்லாரும் அதில் உட்கார்ந்து பார்த்துச் சிரித்தார்கள்.

நல்லம்மா உண்டானதும் தொட்டில் செய்ய ஆசை வந்தது. சேலையில் கட்டும் தூளி இல்லை. துரை பங்களாவில் நான் பார்த்ததைப் போல, அடியில் இரண்டு வளைந்த கட்டைகளின் மேல் ஆடுகிற தொட்டில்.

"புள்ள வர்றதுக்கு முன்னாடியே தொட்டிலா?" என்று லயத்துப் பெண்கள் கேட்டார்கள். "வெறுந்தொட்டில் வீட்டுல இருக்கக் கூடாதுய்யா."

ஸ்டோரில் என்னோடு வேலை செய்யும் நல்லையா கிண்டலை நிறுத்தவே இல்லை. "விடுங்க, ஆசாரியார் இப்ப ஆரம்பிச்சாத்தான் பையன் கல்யாணத்துக்காவது முடிப்பாரு."

நானும் சிரித்தேன். உண்மையில், பிறந்த பிறகு செய்ய எனக்குத் தைரியம் இல்லை. செய்து வைத்துவிட்டால் பிள்ளை வந்தே தீரும் என்று ஒரு எண்ணம்.

வளைவுக்கு மரம் விறகுக் குவியலில் கிடைத்தது. இலையில் துருநோய் விழுந்து கோப்பிச் செடியெல்லாம் செத்த பிறகு, மிச்ச மலைகளிலும் தேயிலை நடுவதற்காகப் பழைய கோப்பிக் கட்டைகளைத் தோண்டி எடுத்துக் குவித்திருந்தார்கள். வெளிர் மஞ்சள், எலும்பைப் போல இறுகிய மரம். ஒரு கட்டை மட்டும் வில்லாக வளைந்திருந்தது. அதை நடுவில் பிளந்தால் இரண்டு வளைவுகளும் ஒன்று போலவே இருக்கும்.

பாதி அறுக்கும்போது ரம்பம் கிரீச்சிட்டு நின்றது. உள்ளே ஏதோ உலோகம். ஆணி என்று நினைத்து, பல்லைக் கூராக்கி, அழுத்தி அறுத்து முடித்தேன். பிளந்த இரண்டு பாதியிலும் ஒரு செம்புக் கம்பியின் பாதிப் பாதி வளையம் பளபளத்தது. அதைச் சுற்றி மரம் பச்சையாகச் சாயமேறியிருந்தது. இழைக்க இழைக்க அந்தப் பச்சை அழகாக வந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

நல்லம்மா பார்த்துச் சொன்ன பிறகு, தரையைச் சாணம் போட்டு மட்டம் செய்தேன். தொட்டில் ஆடிற்று. வளைவுகளை மறுபடி இழைத்தேன். ஆடிற்று. இரண்டு பக்கமும் ஆப்பு வைத்து இறுக்கிவிட்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனேன். திரும்பி வந்தபோது ஆப்புகள் தொட்டிலுக்குள் கிடந்தன. கிலுகிலுப்பையைப் போட்டு வைத்ததுபோல.

இதை நல்லம்மாவிடம் சொல்லவில்லை. அவளே வேறொன்று சொன்னாள்.

"அது ஆடுறப்ப எல்லாம் வயித்துக்குள்ள இவன் அசைய மாட்டேங்கிறான். நின்னதும் உதைக்கிறான்."

"உனக்கு அப்படித் தோணுது."

"கைய வச்சுப் பாருங்க."

வைத்தேன். கொட்டகையில் கட்டை தரையில் உருளும் மெல்லிய ஒலி கேட்டது. என் கைக்குக் கீழே வயிறு கல்லைப் போல அசையாமல் இருந்தது. ஒலி நின்றது. உடனே ஒரு குதிகால் என் உள்ளங்கையில் முட்டியது.

பிறகு ஒரு நாள், விடிந்ததிலிருந்து தொட்டில் நிற்கவே இல்லை. பிள்ளையும் அசையவில்லை. நல்லம்மா கஞ்சியைத் தொடாமல் சுவரில் சாய்ந்திருந்தாள்.

"அத எரிச்சுருங்க" என்றாள். "இப்பவே."

ஞாயிற்றுக்கிழமை. தொட்டிலை முற்றத்துக்குத் தூக்கி வந்து, கோடரி எடுத்தேன். அடுத்த காம்பராவிலிருந்து பூவம்மா அக்கா கொழுந்துக் கூடையைக் கழுவ வெளியே வந்தார். நல்லம்மாவின் பெரியப்பா மகன் வடிவேலுவின் மனைவி. அந்த வடிவேலு அண்ணனை நம்பித்தான் நாங்கள் இந்தத் தோட்டத்துக்கு வந்தோம். நாங்கள் வந்து சேர்வதற்குள் அவர் காய்ச்சலில் போய்விட்டார்.

"என்ன தம்பி, செஞ்ச கையாலயே ஒடைக்கிறீங்க?" என்று கேட்டபடி வந்தவர், சாய்ந்து கிடந்த தொட்டிலின் அடிக்கட்டையைப் பார்த்து நின்றுவிட்டார். கூடை கையிலிருந்து விழுந்தது. குனிந்து அந்தப் பச்சை வளையத்தை விரலால் தடவினார்.

"இந்தக் கட்ட எங்க கெடந்துச்சு?"

"வெறகுக் குவியல்ல, அக்கா."

"ஓடைப் பக்கம் தோண்டினதா?"

"தெரியலையே. ஏன்?"

அவர் தரையில் உட்கார்ந்தார். "இது எம் புள்ளையோட காப்பு."

நல்லம்மா வாசலுக்கு வந்து நின்றாள். "மதினி, உங்களுக்குப் புள்ள இருந்துச்சா?"

"இருந்துச்சுன்னு சொல்ல முடியுமா, தெரியல. பொறந்து மறுநாளே போயிட்டான். பேரு வைக்கல, தொட்டில்ல போடல. அந்த மாதிரிப் புள்ளைக்கு ஒப்பாரிகூட வைக்கக் கூடாதுன்னுட்டாங்க. உங்கண்ணன் இருந்தாரே, அவரும் இவர மாதிரித்தான். பொறக்கறதுக்கு முன்னாடியே செம்புக் கம்பிய முறுக்கிக் காப்பு செஞ்சு வச்சுட்டாரு." அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டவில்லை. "ஓடையோரம் கோப்பிக் கன்னுக்கு அடியில பொதைச்சோம். எடம் மறந்துறக் கூடாதுன்னு காப்பக் கன்னுல மாட்டிவிட்டேன். தோண்டினப்ப நான் மேல் மலையில வேலையில இருந்தேன். வந்து பாத்தா குழிதான் இருந்துச்சு."

முற்றத்தில் சாய்ந்து கிடந்த தொட்டில் அசையவில்லை. நாங்கள் மூவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஆணி அடிக்கல, அக்கா" என்றேன். "மரமுளையத் தட்டினா கழண்டு வந்துரும். அந்த ரெண்டு கட்டையையும் எடுத்துக்கங்க."

"கட்டைய வச்சு நான் என்ன பண்ண? ஒரு நாள் அவனத் தொட்டில்ல போடணும் தம்பி. பேரு வைக்கணும். அவ்வளவுதான் அவனுக்கு வேணும்."

சொல்லிவிட்டு அவர் நல்லம்மாவைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளையின் காதில் பெயர் சொல்பவள் அப்பனோடு பிறந்தவள், அத்தை. கடலுக்கு இந்தப் பக்கம் வடிவேலு அண்ணனுக்கு நல்லம்மாவை விட்டால் தங்கை யாரும் இல்லை.

"வேணாம்" என்றேன். "வயித்துப் புள்ளக்காரி செத்த புள்ளையோட தொட்டில்ல குனியுறதா? எங்கயாச்சும் உண்டா?"

"இல்லதான்" என்றார் பூவம்மா அக்கா. எழுந்து கூடையை எடுத்துக்கொண்டார். "நான் கேட்டுருக்கக் கூடாது. எரிச்சுருங்க."

நான் மறுபடி கோடரியைப் பிடித்தேன். நல்லம்மா என் கையைத் தட்டிவிட்டாள்.

"எரிச்சா போயிருவானா? கூப்பிட ஆளில்லாமதான இங்க வந்து நிக்கிறான்." வயிற்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "மதினி, கொழவிக்கல்லைக் கழுவி எடுத்துட்டு வாங்க."

பிள்ளையைப் போடுவதற்கு முன்னால் தொட்டிலில் அம்மிக் குழவியைப் போடுவது வழக்கம். அன்று அந்தக் கல்லேதான் பிள்ளை. அக்கா அதற்கு மஞ்சள் பூசி, அண்ணனின் பழைய வேட்டிக் கிழிசலில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்குவது போலத் தலைப்பக்கம் தாங்கிக் கொண்டுவந்தார். தொட்டிலைக் கொட்டகைக்குள் வைத்ததுமே அது ஆடத் தொடங்கிவிட்டது. அவசரமாக ஆடிற்று. கல்லை உள்ளே வைக்க அக்காவால் முடியவில்லை.

"இருடா, இருடா, போடுறேன்" என்றார். அழுதுகொண்டே சிரித்தார்.

கல் உள்ளே போயிற்று. நல்லம்மா கறுப்புக் கயிற்றைக் கட்டினாள். சர்க்கரைத் தண்ணீரில் விரலை நனைத்துத் துணியின் மேல் வைத்தாள். பிறகு வயிறு விளிம்பில் இடிக்க, முழுதாகக் குனிந்தாள். விழுந்துவிடப் போகிறாள் என்று நான் அவள் தோளைப் பிடித்தேன். தோள் சில்லிட்டிருந்தது.

"சிதம்பரம்" என்றாள். "சிதம்பரம். சிதம்பரம்."

தொட்டில் இன்னும் ஒரு தடவை ஆடியது. நீளமாக, தூங்கப்போகும் பிள்ளை விடும் மூச்சைப் போல. பிறகு நின்றது.

மூடுபனி கொட்டகைக்குள்ளும் வந்திருந்தது. நல்லம்மா குனிந்தபடியே என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தாள். "ஒதைக்கிறான்" என்றாள். "நல்லா ஒதைக்கிறான்."

தொட்டிலையும் கல்லையும் அன்றே பூவம்மா அக்காவின் காம்பராவில் கொண்டுபோய் வைத்தேன். எங்கள் மகன் தை பிறந்த பிறகு வந்தான். அவனுக்குச் சேலைத் தூளிதான். ஆனாலும் எனக்குப் பயம் விடவில்லை. கல் பாரத்துக்குத் தொட்டில் ஆடாதுதான். இருந்தாலும் அக்காவுக்குக் கொடுப்போம் என்று, நல்ல கெட்டி மரத்தில் இரண்டு ஆப்புகள் செதுக்க ஆரம்பித்தேன்.

செதுக்கிக்கொண்டிருந்த ஒரு பகலில் மகன் வீரிட்டு அழுதான். நல்லம்மா அடுப்பு வேலையாக இருந்தாள். நான் எழுவதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் கட்டை தரையில் உருளும் ஒலி கேட்டது. மெதுவாக, ஒரே தாளத்தில். இந்தப் பக்கம் தூளி அதே தாளத்துக்கு அசைந்தது. மகன் விசும்பி, அடங்கினான்.

"பூவம்மா அக்கா கொழுந்தெடுக்கப் போயிருக்காங்களே" என்றேன். "கதவு பூட்டியிருக்கு."

"தெரியும்" என்றாள் நல்லம்மா, திரும்பாமல். "அவனோட மச்சான்தான் ஆட்டுறான். விடுங்க, தூங்கட்டும்."

கையிலிருந்த ஆப்புகளைப் பார்த்தேன். எழுந்து போய் அவளுடைய அடுப்பில் போட்டேன்.