எழும்போதே பெருக்கிய நிரல்

எங்கள் அலுவலகத்தில் அவனுக்கு அவசரக்குடுக்கை என்று பெயர் வைத்தது நான்தான். அன்று காலை அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தியதும் நான்தான்.

ஒரு பிசியோதெரபி மையத்துக்கு, நோயாளிகள் நேரம் பதிந்துகொள்ள இணையதளம் செய்து கொடுத்திருந்தோம். பாதியில் விட்ட பதிவுகள் அதில் குப்பையாகச் சேர்ந்தன. "சர்வர் ஸ்டார்ட் ஆகும்போதே பெருக்கித் தள்ளிட்டா வேலை முடிஞ்சுது" என்று, தளம் எழுந்ததும் முதலில் ஓடும் நிரலில் நாலு வரி சேர்த்துவிட்டான் இந்த மகராசன். அவன் லேப்டாப்பில் தளம் ஒருமுறைதான் எழும், ஒருமுறைதான் பெருக்கும். நிஜ சர்வரிலோ கூட்டம் சேர்ந்தால் அதே தளத்தின் இன்னொரு பிரதி தானாக எழும். ஒவ்வொன்றும் துடைப்பத்தோடு எழுந்து, அந்த நேரத்தில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தவர்களையும் சேர்த்துப் பெருக்கியது. வேகமாகத் தட்டுகிறவர்கள் தப்பித்தார்கள். மற்றவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

மையத்தின் வரவேற்பறை அக்கா, ஒரு பெரியவரின் அழைப்பை எங்களுக்கே திருப்பிவிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"திங்கக்கிழமையில இருந்து முயற்சி பண்றேம்மா. கடைசிப் பக்கம் வரைக்கும் போறேன், எல்லாம் காணாமப் போயிடுது. என் கை நடுங்கும். எங்கயாவது தப்பா பட்டுடுது போல."

அவசரக்குடுக்கை முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு அவனை அறையலாம் போலவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

"விவரம் சொல்லுங்கய்யா, நாங்களே போட்டுடுறோம்" என்றேன்.

"வேணாம்மா. வீட்டுக்காரிக்குத்தான் இந்த நேரம் கேக்கறேன். அவ படுத்த படுக்கையானதுல இருந்து நான்தான் பார்த்துக்கறேன். 'உங்களால முடியலைன்னா பொண்ணு வீட்டுக்கே போயிடலாம்'னு இப்பத்தான் சொன்னா. இதுகூட முடியலைன்னா..."

நிரலைத் திருத்திச் சோதித்து ஏற்ற மதியமாகிவிடும். அதற்குள் அந்த வாரத்து நேரமெல்லாம் தீர்ந்துவிடும். "புதுசா எந்தக் காப்பியும் எழக்கூடாது, நிறுத்துடா" என்றேன். அவன் ஏற்கெனவே நிறுத்தியிருந்தான்.

"இப்ப போடுங்கய்யா. மெதுவாவே போடுங்க."

இருக்கிற பிரதிகளே எல்லாக் கூட்டத்தையும் சுமந்ததில் தளம் நொண்டியடித்தது. மேனேஜர் பாய்ந்து வந்தார்.

"சைட் படுத்துக்கிச்சு! இன்னும் ரெண்டு காப்பி எழுப்புங்க!"

அவன் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மேனேஜர் தும்மினாலே எழுந்து நிற்கிறவன், இப்போது கீபோர்டைக் கையால் மூடிக்கொண்டான்.

"மாட்டேன் சார். ஒருத்தர் டைப் பண்ணிட்டு இருக்காரு."

மேனேஜர் வாய் திறப்பதற்குள் ஸ்பீக்கரில் பெரியவர் ஓர் எழுத்தைச் சொல்லிச் சொல்லித் தேடினார். மேனேஜர் அதைக் கேட்டபடியே ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"வந்துடுச்சும்மா! வியாழக்கிழமைன்னு போட்டிருக்கு. அப்போ இன்னிக்குத்தான் சரியா அழுத்தியிருக்கேன்!"

அவசரக்குடுக்கை போன் பக்கம் குனிந்தான். "இல்லய்யா. எல்லா நாளும் சரியாத்தான் அழுத்தினீங்க. தப்பு நான் பண்ணது."

போனிலிருந்து விலகி, வீட்டுக்குள்ளே பார்த்து அவர் கூவியது கேட்டது.

"ஏய், கேட்டியா? என் கை நல்லாத்தான் இருக்காம்!"