கோரைப்பல்லில் மூன்று கோடுகள்

"தாடை விறைச்சிடும்டி, சீக்கிரம் கட்டு," என்று அத்தை வெள்ளைத் துணியை நீட்டினாள். அப்பாவின் தாடையைப் பிடித்த மகள் பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

மண்ணைத் தோண்டி எடுத்த பழங்காலத்துப் பற்களை ஆராய்வதுதான் இருபது வருஷமாக அவள் பிழைப்பு. ஊரார் பல்லையெல்லாம் லென்ஸ் வைத்துப் பார்த்தவள், பெற்ற அப்பன் பல்லைப் பார்த்ததில்லை. எங்கே பார்க்க விட்டார்? லாரி மெக்கானிக். சிரிப்பு வந்தால் கிரீஸ் கையென்றும் பார்க்காமல் வாயைப் பொத்திக்கொள்வார்.

கோரைப்பல்லில் குறுக்காக மூன்று கோடுகள். ஈறுக்குள் பல் உருவாகும் வயதில் கடுங்காய்ச்சலோ பட்டினியோ வந்தால் வளர்ச்சி நின்று இப்படித் தடம் விழும். கோடு இருக்கும் இடத்தை வைத்து வயதைச் சொல்லிவிடலாம். நகத்தால் தடவினாள். மூன்று வயது, நாலு, அஞ்சு.

"நான் ராஜா மாதிரி வளர்ந்தவன்" என்று ஆயுசு முழுக்கப் பீற்றிக்கொண்ட மனுஷர். போன மாசம் ஏதோ வாய்த்தகராறில், "சொகுசா வளர்ந்த உங்களுக்குப் பசின்னா என்ன தெரியும்?" என்று வெடுக்கென்று கேட்டிருந்தாள். சனிக்கிழமை வந்து மன்னிப்புக் கேட்பதாக இருந்தாள். இன்று வியாழன்.

"அத்தை, அப்பாவுக்குச் சின்ன வயசுல என்ன ஆச்சு?"

அத்தை துணியை மடித்தாள், பிரித்தாள். "எங்கம்மா போனப்புறம் யார் யார் வீட்லயோ கெடந்தோம். வருஷா வருஷம் இவனுக்குக் காய்ச்சல். இது தேறாதுன்னு மூலையில போட்டுட்டாங்க. மிச்சம் இருந்தா சோறு. பிள்ளைங்க என்னைப் பாவமாப் பார்க்கக் கூடாதுக்கான்னு சத்தியம் வாங்கிட்டான்."

மகளுக்கு ஒரு சாப்பாட்டு வேளை ஞாபகம் வந்தது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு பல்லின் படத்தைக் காட்டி, கோடுகளை விளக்கிக்கொண்டிருந்தாள். அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அந்தப் பிள்ளை பொழைச்சுதா?"

"பொழைச்சதாலதான்ப்பா கோடே. இல்லேன்னா அதுக்கப்புறம் பல் எப்படி வளரும்?"

"கெட்டிக்காரப் பிள்ளைதான்," என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அவளுக்கு அழுகை முட்டியது. எப்பேர்ப்பட்ட ஆளை என்ன கேட்டுவிட்டாள்!

தம்பி கதவோரம் எட்டிப் பார்த்தான். "ஆளுங்க வந்துட்டாங்கக்கா. இன்னும் கட்டலையா? அத்தை என்ன சொல்றாங்க?"

"அப்பா ராஜா மாதிரி வளர்ந்தாராம்."

அத்தை அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, ஆமாம் என்று தலையாட்டினாள்.

மகள் துணியைத் தாடைக்கடியில் கொடுத்து, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். உதடுகள் மூடிக்கொண்டன.