காரணம் எழுதவில்லை

பம்பு செய்யும் அந்தக் கம்பெனியில் அவரை எல்லோரும் சாவிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் ஒரு சாவிகூடக் கிடையாது. யார் எந்தக் கதவைத் திறக்கலாம், யார் கம்ப்யூட்டரில் எந்தப் பக்கத்தைப் பார்க்கலாம், யார் எதற்கு அனுமதி தரலாம் என்பதையெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொள்கிற வேலை. ஒன்று திறக்காவிட்டால் அவருக்குத் திட்டு விழும். திறந்ததற்காக இதுவரை யாரும் நன்றி சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை ஆடிட்டர் அம்மா வருவதாக இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அவரவர் வேலைக்கு வேண்டிய அனுமதிதான் இருக்கிறது என்று சாவிக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் வேலை போய்விடும் என்று கடிதத்திலேயே போட்டிருந்தார்கள். இது அவருக்கு மூன்றாவது வேலை. "இதையும் விட்டுட்டு வந்து வாசல்ல நிக்காதீங்க" என்று மனைவி காலையில் டிபன் டப்பாவைக் கொடுக்கும்போதே சொல்லி அனுப்பியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை இருநூற்று ஏழாவது பெயருக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிட்டார். ஆபீசைக் கூட்டிப் பெருக்கித் துடைக்கிற அக்கா. அவருக்கு முதலாளிக்கு உள்ள அத்தனை அனுமதியும் இருந்தது. பழைய விண்ணப்பத்தைத் தேடி எடுத்தார். 'யாருக்கு இருப்பதுபோல் கொடுக்க வேண்டும்?' என்ற கட்டத்தில் துப்புரவு மேஸ்திரி 'முதலாளி' என்று எழுதியிருந்தார். முதலாளி அறையையும் துடைக்க வேண்டுமே, கதவு திறக்கட்டும் என்று அந்த மனிதர் நினைத்தது நியாயம்தான். அதைப் பார்த்து அப்படியே மொத்தத்தையும் நகலெடுத்துக் கொடுத்தவர் ஆறு வருடத்துக்கு முன் புதிதாகச் சேர்ந்திருந்த இதே சாவிக்காரர்தான். கையெழுத்து வேறு அழகாகப் போட்டிருந்தார்.

சத்தமில்லாமல் எடுத்துவிடலாம் என்று பார்த்தார். முதலாளி மட்டத்து அனுமதியை எடுக்க அதே மட்டத்தில் ஒருவர் ஒப்புதல் தர வேண்டும். காரணம் எழுதும் கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினார். மறுநாள் காலையில் பதில் வந்திருந்தது. நிராகரிக்கப்பட்டது. காரணம் எழுதவில்லை.

அனுமதிப் பக்கத்தில் ஏன் மறுத்துவிட்டீர்கள் என்று முதலாளியிடமே போய்க் கேட்டார்.

"எந்தப் பக்கம்?" என்றார் முதலாளி.

"எல்லாத்துக்கும் நீங்க அனுமதி கொடுக்கிற பக்கம் சார்."

"அது தானா நடக்குதுன்னுல்ல நினைச்சேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்லாத்தானே நடக்குது?" என்றார்.

நன்றாகத்தான் நடந்திருந்தது. பதிவேட்டைத் திறந்து பார்த்தால், ஆறு வருடமாக எல்லா அனுமதியும் காலை ஆறு பத்துக்கு, துடைப்பமும் வாளியும் வைக்கிற அறையில் வருகை பதிவதற்காக வைத்திருந்த கம்ப்யூட்டரிலிருந்து போயிருந்தது. முதலாளியின் மச்சான் இருபது நாற்காலி கேட்டதற்கு, 'போன வருடம் வாங்கியது மூன்றாம் மாடியில் உறை பிரிக்காமல் கிடக்கிறது' என்று மறுப்பு. சாவிக்காரர் 'சொந்த வேலை' என்று மட்டும் எழுதிக் கேட்ட விடுமுறைக்கும் மறுப்பு. அதற்காக ஒரு மாதம் முதலாளியின் முகத்தைப் பார்க்காமலே திரிந்தது அவருக்கு ஞாபகம் வந்தது.

வியாழக்கிழமை ஆறு மணிக்கே அந்த அறைக்குப் போய் நின்றார். அக்கா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"இதையெல்லாம் நீங்களா அமுக்குறீங்கக்கா?"

"வருகை போட்டதும் இது வந்து நிக்குது தம்பி. மேல சிவப்பா ஒரு நம்பர். எதையும் மிச்சம் வெச்சுட்டுப் போகக் கூடாதுன்னு சேர்ந்த அன்னைக்கே சொன்னாங்க."

"படிச்சுப் பார்த்துத்தான் அமுக்குறீங்களா?"

"படிக்காம எப்படி அமுக்குறது?"

"உங்களுக்கு இது வரவே கூடாதுக்கா. தப்பா வந்துடுச்சு."

"யார் பண்ண தப்பு?"

சாவிக்காரர் வாளியைப் பார்த்தார்.

"அதை எழுதி அனுப்புங்க. கொடுத்துடுறேன்."

பக்கத்து மேசையில் உட்கார்ந்து 'கம்ப்யூட்டர் கோளாறு' என்று எழுதி அனுப்பினார். அக்கா படித்துவிட்டு, "எந்தக் கம்ப்யூட்டர்?" என்றார். திரும்பி வந்துவிட்டது. உண்மையை எழுதினால் நாளைக்கு ஆடிட்டரும் படிப்பார் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் ஆறு வருடமாக எல்லோருடைய காரணத்தையும் ஒழுங்காகப் படித்த ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது இன்னொரு பொய் எழுத வெட்கமாக இருந்தது. 'ஆறு வருடத்துக்கு முன் நான் பார்க்காமல் நகலெடுத்ததால்' என்று எழுதினார். அக்கா இரண்டு தடவை படித்தார். அமுக்கினார். பக்கம் மறைந்தது.

"இனிமே வராதா?"

"வராதுக்கா."

"சரி, பத்து நிமிஷம் மிச்சம்."

வெள்ளிக்கிழமை ஆடிட்டர் அம்மா பட்டியல் சுத்தமாக இருப்பதாகப் பாராட்டினார். பிறகு அந்தக் காரணத்தைப் படித்தார். சாயங்காலத்துக்குள் சாவிக்காரரை வேலையிலிருந்து நீக்கும் பரிந்துரை எழுதி, முதலாளியின் அனுமதிக்கு அனுப்பிவிட்டுப் போனார்.

அதற்கு அப்புறம் மூன்று மாதம் ஆகிவிட்டது. சிவப்பு நம்பர் முந்நூற்றுப் பதினெட்டில் நிற்கிறது. யாருக்கும் விடுமுறை இல்லை. பிரிண்டருக்கு மை இல்லை. முதலாளி எல்லாம் தானாக நடப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார். சாவிக்காரர் தினமும் காலையில் வந்ததும் தன் பரிந்துரையைத் திறந்து பார்ப்பார். நிலுவை என்று இருக்கும். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. முதலாளி இன்றைக்கு அமுக்கிவிடுவாரோ என்கிற பயத்தில் சாப்பாடு இறங்குவதில்லை.

ஒருநாள் அக்கா அவருடைய மேசைக்கடியில் துடைக்க வந்தார். யாரிடமாவது சொல்லி அழ வேண்டும்போல இருந்தது. திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார்.

"மூணு மாசமாவா இப்படிப் போட்டு வெச்சிருக்காங்க? பாவம் தம்பி நீங்க" என்றார். "எங்கிட்ட வந்திருந்தா அன்னைக்கே கொடுத்திருப்பேன். காரணம் தெளிவா எழுதியிருக்காங்களே."

பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, காலைக் கொஞ்சம் தூக்கச் சொன்னார்.